ஃலனெஃலி: ஓர் ஊர்ப் பெயரின் முதலெழுத்தும் கடைசியெழுத்தும்

பிரிட்டனின் வேல்ஸ் நாட்டிலுள்ள சுவான்சியிலிருந்து பேருந்தில் வந்து முதன்முறை இந்த ஊருக்குள் நுழைந்த நாளில், என் கையிலிருந்த பயணச்சீட்டில் ஊரின் பெயர் இரண்டு 'எல்' எழுத்துகளோடு தொடங்கியது. ஊர் எல்லையில் நின்ற வரவேற்புப் பலகையின் வெல்ஷ் வரியிலோ ஒரே ஒரு 'எல்'தான் இருந்தது. 'க்ரோய்சோ ஈ லனெஃலி' என்பது அந்த வரி. அதன் கீழே ஆங்கில வரியில் மறுபடியும் இரண்டு 'எல்'. இந்த மண்ணின் மொழியில் எழுதிய வரியில் போய் எழுத்துப் பிழையா என்று அன்று வருந்தினேன். பலகை சரியாகத்தான் எழுதப்பட்டிருந்தது என்பது, இங்கே குடியேறி ஓராண்டு கழிந்து, பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் இந்தப் பெயரை ஒழுங்காகச் சொல்லப் பழகிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

வேல்ஸின் தென்மேற்கில், கார்மார்தன்ஷயர் மாவட்டத்தில், லஃகர் ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தின் கரையில் இருக்கிறது ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்புத் தகட்டில் வெள்ளீயம் பூசும் தொழில் இங்கே பெருகியதால் இதற்கு 'டினோபொலிஸ்' என்று ஒரு பட்டப்பெயரும் உண்டு. உண்மைப் பெயரை வெளியூர்க்காரர்கள் லனெல்லி, லானெத்லி, த்லனெத்லி, கிளனெல்லி என்று பலவாறு சொல்கிறார்கள். நான் இந்தக் கட்டுரையில் ஃலனெஃலி என்று எழுதுகிறேன். ஆய்தத்தை ஏன் துணைக்கு அழைத்தேன் என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

பெயரின் பொருள் எளியது. 'ஃலன்' என்பது முற்பகுதி, 'எஃலி' என்பது பிற்பகுதி. எஃலி ஒரு புனிதரின் பெயர். ஃலன் என்றால் இன்று தேவாலயம், அல்லது தேவாலயத்தைச் சுற்றிய ஊர் என்று பொருள் சொல்வார்கள். ஆனால் அச்சொல்லின் பழைய பொருள் வேலி போட்டு வளைத்த நிலம் என்பதுதான். வெல்ஷ் மொழியின் அன்றாடச் சொற்களுக்குள் அந்தப் பழம்பொருள் இன்றும் அழியாமல் இருக்கிறது. பழத்தோட்டத்துக்குப் 'பெர்ஃலன்' என்றும், திராட்சைத் தோட்டத்துக்குக் 'க்வின்ஃலன்' என்றும், ஆட்டுப்பட்டிக்குக் 'கோர்லன்' என்றும் பெயர். இவற்றில் எதிலும் கோயில் இல்லை, வேலி இருக்கிறது. கிறித்தவம் பரவிய தொடக்க நூற்றாண்டுகளில் துறவியர் ஒரு துண்டு நிலத்தை வளைத்து, உள்ளே சிறு வழிபாட்டிடமும் இடுகாடும் அமைத்துக்கொண்டார்கள். அந்த வளைவு ஃலன் ஆயிற்று. அதைத் தொடங்கியவர், அல்லது எவர் நினைவில் அது நின்றதோ அவர், பெயரின் பின்பாதி ஆனார். வேல்ஸில் ஃலன் என்று தொடங்கும் ஊர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதன் காரணம் இதுதான். ஆங்கிலத்தில் நிலத்தைக் குறிக்கும் 'லேண்ட்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து பிரிந்த உறவுச் சொல் என்பதை அறிந்தபோது, இந்தப் பெயரை வாயில் நுழையாதது என்று அலுத்துக்கொள்ளும் ஆங்கிலேயர், தங்கள் சொந்தச் சொல்லின் உடன்பிறப்பைத்தான் அறியாமல் இருக்கிறார்கள் என்று தோன்றியது.

எஃலி யார் என்பதில் இரண்டு மரபுகள் உள்ளன. ஏறத்தாழ 1100-ஆம் ஆண்டளவில் இலத்தீனில் எழுதப்பட்ட புனித கடோகின் வரலாற்றில், எஃலி அவருடைய அன்புக்குரிய ஆண் சீடராக வருகிறார். இன்னொரு மரபோ, ப்ரஃகன் என்ற அரசனின் குலத்தில் வந்த பெண் புனிதர் என்கிறது. தமிழில் 'அவர்' என்று எழுதிவிட்டு நான் இந்த வழக்கிலிருந்து விலகி நிற்கலாம். ஊரின் நடுவிலுள்ள பங்குத் தேவாலயம் இன்றும் எஃலியின் பெயரில்தான் இருக்கிறது.

இனி ஒலிக்கு வருகிறேன். வெல்ஷ் அகரவரிசையில் இரட்டை 'எல்' என்பது இரண்டு எழுத்தன்று, ஒரே எழுத்து. அகராதியில் ஒற்றை 'எல்'லில் தொடங்கும் சொற்கள் முழுவதும் முடிந்த பின்புதான் இரட்டை 'எல்'லுக்குத் தனிப் பகுதி தொடங்கும். வெல்ஷ் குறுக்கெழுத்துப் போட்டியில் அதற்கு ஒரே கட்டம்தான். ஆகவே ஆங்கிலக் கணக்கில் எட்டெழுத்தாக இருக்கும் இந்த ஊரின் பெயர், வெல்ஷ் கணக்கில் ஆறெழுத்து.

அந்த ஒலியை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு மூதாட்டி. இந்த ஊரிலேயே பிறந்து, எழுபது வயதைக் கடந்தவர். என்னைப் 'பாஃக்' என்றுதான் அழைப்பார். சிறியவர் என்று பொருள்படும் அச்சொல், இந்த வட்டாரத்தில் நம் 'கண்ணு' போல வாஞ்சையாக வரும். நான் வழிகாட்டி நூல்களில் படித்த பாடத்தின்படி 'த்லனெத்லி' என்று சொன்னதும் தலையை அசைத்தார். "தகரத்தை உள்ளே கொண்டுவராதே, பாஃக். அங்கே காற்று மட்டும்தான்" என்றார். பிறகு படிப்படியாகச் செய்யச் சொன்னார். 'ல்' என்று சொல்லி நாக்கை அப்படியே நிறுத்த வேண்டும். நுனி மேற்பல்லின் அடியில் ஒட்டியிருக்கட்டும். குரலை அணைத்துவிட வேண்டும். இப்போது மூச்சை மட்டும் வெளியே தள்ளினால், நுனி வழியை அடைத்திருப்பதால் காற்று நாக்கின் பக்கவாட்டில் உரசிக்கொண்டு வெளியேறும். எனக்கு முதலில் பிடிபடவில்லை. நாக்கை அசைக்காமல் மூச்சை ஒருமுறை உள்ளே இழு என்றார். இழுத்தேன். நாக்கின் வலப்புற ஓரம் சில்லென்று ஆயிற்று. "எந்தப் பக்கம் குளிர்ந்ததோ அந்தப் பக்கம்தான் உன்னுடைய வாசல். அதன் வழியாகவே ஊது." ஊதினேன். வந்த ஒலி கரடுமுரடாக இருந்தாலும் அது தகரமும் இல்லை, லகரமும் இல்லை.

தொல்காப்பியத்தின் பிறப்பியல் லகரத்தைச் சொல்லும்போது 'நாவிளிம்பு வீங்கி' என்று தொடங்குவது அன்றிரவு நினைவுக்கு வந்தது. பள்ளியில் மனப்பாடம் செய்த வரி அது. லகரம் நுனியின் வேலை மட்டுமன்று, விளிம்பின் வேலையும்கூட என்று அந்த நூலார் கவனித்து எழுதியதை, ஓர் அயல்மொழி ஒலியை வாயில் வருத்திக்கொண்டபோதுதான் என் நாக்கு உணர்ந்தது.

இப்போது ஆய்தத்துக்கு வருகிறேன். இந்த ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை. வெறும் லகரம் போட்டால் பாதி ஒலி போய்விடும். 'த்ல' என்று எழுதினால் மூதாட்டி விலக்கச் சொன்ன தகரம் வந்துவிடும். 'ஹ்ல' என்று எழுதுவதில் தவறில்லை. ஆனால் நமக்குள்ளேயே ஓர் எழுத்து இருக்கிறது. 'அல்' என்பதோடு 'திணை' சேர்ந்தால் 'அஃறிணை' ஆகிறது. தனிக்குறிலை அடுத்த லகரம் தகரத்தைச் சந்திக்கும்போது ஆய்தமாகத் திரியலாம் என்பது நன்னூல் கூறும் விதி. லகரம் தன் குரலை இழந்து வெறும் மூச்சாகக் கரையும் ஓர் இடத்தைத் தமிழ் மரபு கண்டு, அதற்கு ஒரு குறியும் வைத்திருக்கிறது. அந்த ஆய்தமும் இந்த வெல்ஷ் ஒலியும் ஒன்று என்று நான் வாதிடவில்லை. பழைய இலக்கணப்படி ஆய்தம் சொல்லின் முதலில் வராது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பகரத்தின் முன் அதைப் போட்டு 'ஃப' என்று நாம் எழுதப் பழகிவிட்டோம். லகரத்தின் முன்னும் போடலாம் என்பது என் துணிவு.

தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே இந்த ஒலி இயல்பாகப் புழங்கும் ஒரு மொழி இருக்கிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீலகிரியின் தோடர் மொழி, நம்மோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மொழி. அதில் குரலுள்ள லகரமும் மூச்சொலியான லகரமும் வெவ்வேறு பொருள் தரும். 'கல்' என்றால் மாலையில் கோக்கும் மணி. அதே சொல்லின் இறுதி லகரத்தை ஃலனெஃலியில் வருவதுபோல் மூச்சால் சொன்னால் படிப்பது என்று பொருள். நம்முடைய 'கல்' என்ற சொல்லில் பாறையும் கல்வியும் ஒரே ஒலியில் அடங்கியிருப்பதை நினைத்துக்கொண்டு இந்த இணையைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் வேற்றுமொழிக்காரர்கள் வாய்க்கு வராது என்று கைவிடும் ஒலியை, உதகைக்குப் பக்கத்துத் தோடர் குடியிருப்புகளான மந்துகளில் குழந்தைகள் தாயிடமிருந்து கற்கிறார்கள்.

வாய்க்கு வராத ஒலியைக் காது தனக்குத் தெரிந்த ஒலியாக மாற்றிக்கொள்ளும். வெல்ஷில் சாம்பல் நிறத்தைக் குறிக்கும் 'ஃலூயித்' என்ற சொல் ஆட்களின் பெயராகவும் வழங்கியது. ஆங்கிலேயர் செவியில் அது ஒருவருக்கு 'லாய்ட்' என்றும் இன்னொருவருக்கு 'ஃபிளாய்ட்' என்றும் விழுந்தது. இன்று உலகெங்கும் வெவ்வேறு குடும்பப் பெயர்களாக இருக்கும் இரண்டும் ஒரே பெயர்தான். இதே பெயரைக் கொண்ட அறிஞர் ஒருவர், 1691-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகக் காப்பாளர் ஆனவர், 1707-இல் வெல்ஷும் அடங்கிய கெல்டிக் மொழிகளின் உறவை ஆராய்ந்து பெருநூல் வெளியிட்டவர், தம் பெயரை 'எல்'லும் 'எச்'சும் சேர்த்து எழுதினார். எட்வர்ட் ஃலூயித் என்ற அவர், லகரத்தோடு மூச்சைச் சேர்க்க 'எச்'சைப் பயன்படுத்தியது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. அந்த வழக்கம் நிலைக்கவில்லை. இரட்டை 'எல்'தான் நிலைத்தது. அதைக் கண்டவர்கள் அழுத்திச் சொல்லும் லகரம் என்று தவறாக எண்ணுவதற்கும் அதுவே வழிவகுத்தது.

பலகையில் ஓர் 'எல்' ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். வெல்ஷில் சில சொற்களுக்குப் பின்னால் வரும் சொல்லின் முதல் மெய் இளகும். நாம் புணர்ச்சி என்று படித்ததற்கு ஒப்பானது இது. ஆனால் அங்கே இந்த இளக்கத்தை ஒலிச்சூழல் தீர்மானிப்பதில்லை, இலக்கணம் தீர்மானிக்கிறது. 'ஈ' என்றால் 'க்கு' என்று பொருள். ஊருக்கு என்று சொல்ல 'ஈ' வந்ததும் ஃலகரம் இளகி வெறும் லகரம் ஆகிறது: 'ஈ லனெஃலி'. ஊரிலிருந்து என்பதற்கு 'ஓ லனெஃலி'. ஊரில் என்று சொல்லும்போதோ 'அன் ஃலனெஃலி' என்று மூச்சு திரும்பிவிடும். சொல்லின் நடுவிலுள்ள ஃலகரம் எங்கும் அசைவதில்லை. ஆகவே வரவேற்புப் பலகையில் இருந்தது பிழையன்று, வேற்றுமை உருபு.

அண்டை ஊர்களின் பெயர்களிலும் இதே இளக்கம் உண்டு. 'ஃலன்' பெண்பாற் சொல் என்பதால், தன்னையடுத்து வரும் புனிதரின் பெயரை அது இளக்கிவிடும். டெய்லோ என்ற புனிதரின் ஊர் ஃலண்டெய்லோ. கென்னெஃக் என்ற புனிதரின் ஊர் ஃலங்கென்னெஃக். தமிழர் இவற்றைப் படித்தால் மெல்லினத்தை அடுத்த டகரத்தையும் ககரத்தையும் தாமாகவே மென்மையாக ஒலிப்பார்கள்; காரணம் வேறாக இருந்தாலும் நம் நாக்கு சரியான இடத்தில்தான் போய் நிற்கும். மரியாளைக் குறிக்கும் 'மைர்' இளகினால் மட்டும் நம் பழக்கம் உதவாது. அது 'வைர்' ஆகி, ஊர் ஃலன்வைர் ஆகிவிடும். எஃலியோ உயிரெழுத்தில் தொடங்குவதால் இளகுவதற்கு அங்கே மெய்யில்லை. பெயர் முழுதாக நின்றது.

இந்த இளக்கத்தின் உள்ளே ஒரு பழைய செய்தி இருக்கிறது. வெல்ஷின் தாய்மொழியில் சொல்லின் முதலில் சாதாரண லகரம்தான் இருந்தது. பின்னால்தான் அந்த இடத்தில் குரல் போய் மூச்சு வந்தது. ரோமானியர் காலத்தில் இலத்தீனிலிருந்து வந்த சொற்கள் இதற்குச் சாட்சி. நூலைக் குறிக்கும் 'லிபெர்' வெல்ஷில் 'ஃலிவ்ர்' ஆயிற்று. சிங்கமான 'லேயோ' 'ஃலெவ்' ஆயிற்று. வேறொரு சொல்லை அடுத்துவந்து, பேச்சில் அதோடு ஒட்டிக்கொண்ட இடங்களில் மட்டும் பழைய லகரம் மாறாமல் தப்பியது. 'ஈ லனெஃலி' என்று சொல்லும் ஒவ்வொருவர் வாயிலும் வரும் லகரம், மூச்சொலி பிறப்பதற்கு முன் இருந்த அதே லகரம்.

முதலெழுத்தைப் பற்றிச் சொன்னது போதும். கடைசியெழுத்தின் வரலாறு மிக அண்மையது. அதில் மனிதர்களும் வருகிறார்கள்.

1966 வரை இந்த ஊரின் அதிகாரப்பூர்வ எழுத்துக்கூட்டு 'ஒய்' என்ற எழுத்தில் முடிந்தது. சொல்லின் இறுதி இகரத்தை 'ஒய்' கொண்டு எழுதுவது ஆங்கிலப் பழக்கம். அந்தப் பழக்கம் ரயில் நிலையத்திலும் நகரசபையிலும் தகட்டு ஆலைகளின் ரசீதுகளிலும் ஊரின் பெயராக உட்கார்ந்துகொண்டது. வெல்ஷில் 'ஒய்' வேறு, 'ஐ' வேறு. வட வேல்ஸில் இறுதியசையில் வரும் 'ஒய்'யை நம் குற்றியலுகரத்தின் சாயலில் ஒலிப்பார்கள். பழைய எழுத்துக்கூட்டைப் பார்த்து வடக்கத்தியர் ஒருவர் படித்தால் புனிதரின் பெயரே மாறிப்போகும். தெற்கில் இரண்டு ஒலிகளும் இகரமாக ஒன்றுகலந்துவிட்டன. அதனால் ஊர்க்காரர் காதுக்கு வேறுபாடு இல்லை, கண்ணுக்கு மட்டும்தான். கண்ணுக்கு மட்டும் தெரியும் ஓர் எழுத்துக்காக உள்ளூர் மக்கள் இயக்கம் நடத்தி மாற்றினார்கள் என்பதை, அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

மேலே சொன்ன ஃலங்கென்னெஃக் இந்த ஊரை அடுத்த சிற்றூர். அங்கே 1952-இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியான ட்ரெவோர் பீஸ்லிக்கும் ஆசிரியையான ஐலீன் பீஸ்லிக்கும் வீட்டு வரி நோட்டீஸ் ஆங்கிலத்தில் மட்டும் வந்தது. சுற்றுவட்டாரத்தில் பெரும்பாலோர் வெல்ஷ் பேசுவோர். வரி கேட்ட ஊரக மன்றத்தின் உறுப்பினர்களும் அப்படியே. வெல்ஷில் கேட்டால் கட்டுகிறோம் என்று தம்பதியர் பதில் எழுதினார்கள். மன்றம் மறுத்தது. பன்னிரண்டு முறைக்கும் மேல் அவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். வீட்டில் திரும்பத் திரும்ப ஜப்தி நடந்தது. நாற்காலி மேசைகள் போயின, பியானோ போயிற்று. எட்டாண்டுகள் கழித்து 1960-இல் இருமொழி நோட்டீஸ் வந்தது. வரி கட்ட மறுத்தவர்கள் அல்லர் அவர்கள். தங்கள் மொழியில் கேட்கப்பட வேண்டும் என்று மட்டுமே கோரியவர்கள். 1962 பிப்ரவரியில் எழுத்தாளர் சாண்டர்ஸ் லூயிஸ், வெல்ஷ் மொழியின் தலைவிதி பற்றி ஆற்றிய வானொலி உரையில் இந்தத் தம்பதியை முன்மாதிரியாகக் காட்டினார். அதே ஆண்டில் வெல்ஷ் மொழிச் சங்கம் பிறந்தது. அது உருவான கூட்டம் நடந்த பாண்டர்த்திலைஸும் இங்கிருந்து சில மைல் தொலைவில்தான் இருக்கிறது.

நான்காண்டுகளில் ஊரின் பெயர் 'ஐ'யில் முடியத் தொடங்கியது. 1972 அக்டோபர் 31 அன்று இந்த ஊரின் ரக்பி அணி ஸ்ட்ரேடி பார்க் மைதானத்தில் நியூசிலாந்தை 9–3 என்று வென்றபோது, உலகச் செய்தித்தாள்கள் அச்சிட வேண்டிய எழுத்துக்கூட்டுக்கு ஆறே வயது. 'ஒய்' முற்றிலும் மறையவில்லை. எஃலியின் தேவாலயத்துக்கு எதிரே, 1714-இல் கட்டப்பட்ட மாளிகையின் பெயர்ப்பலகையில் பழைய எழுத்துக்கூட்டுதான் இன்றும் இருக்கிறது. மான்மத்ஷயர் மலைப்பகுதியில் இதே புனிதரின் பெயரைத் தாங்கிய இன்னொரு ஊரும் ஆங்கிலத்தில் 'ஒய்'யோடுதான் எழுதப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் அதே எழுத்துக்கூட்டில் ஓர் ஊர் உண்டு. மாளிகைக்கும் தேவாலயத்துக்கும் நடுவே அந்தத் தெருவில் நின்று இரு பக்கமும் மாறி மாறிப் பார்ப்பது எனக்கு ஒரு வழக்கமாகிவிட்டது.

2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் வெல்ஷ் பேசுவோர் 17.8 விழுக்காடு, கார்மார்தன்ஷயரில் 39.9 விழுக்காடு. பத்தாண்டுகளுக்கு முன் இம்மாவட்டத்தில் அது 43.9 விழுக்காடாக இருந்தது. எழுத்தை மீட்பதில் வென்ற ஒரு தலைமுறை, பேச்சைக் காப்பதில் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது. கடையிலும் பேருந்திலும் ஆங்கிலம் மட்டுமே பேசுகிற இளைஞர்கள்கூட ஊரின் பெயரைச் சொல்லும்போது மூச்சைத் தவறவிடுவதில்லை என்பதை நான் கவனித்து வருகிறேன். அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

சென்ற மாதம் பக்கத்து வீட்டு மூதாட்டி தம் குடும்ப ஆவணங்களை ஸ்கேன் செய்துதரச் சொல்லி ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். மடிப்புகளில் நைந்துபோன பிறப்புச் சான்றிதழ்கள் இரண்டை முதலில் கண்ணாடியின் மேல் பரப்பினேன். 1948-ஆம் ஆண்டின் சான்றிதழ் அவருடையது. ஊரின் பெயர் மையில் சரிந்த கையெழுத்தில், நீண்ட வாலுடைய 'ஒய்'யில் முடிந்தது. 1971-ஆம் ஆண்டின் சான்றிதழ் அவருடைய மகளுடையது. அதில் 'ஐ', மேலே புள்ளியோடு. இரண்டு பிரசவங்களும் ஒரே தெருவில் நடந்தவை. எழுத்து மாறியிருப்பதைச் சுட்டிக்காட்டி, இரண்டையும் படித்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, முதல் தாளின் மேல் விரலை வைத்து "ஃலனெஃலி" என்றார். விரலை அடுத்த தாளுக்கு நகர்த்தி, அதே மூச்சில், "ஃலனெஃலி" என்றார்.